ஓபர்லூனுக்கு ஐந்து இலை

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், பிள்ளை. போன வருஷம் டொக்டர் நிறுத்தச் சொன்னார், அன்றைக்கே நிறுத்திவிட்டேன். சொன்னால் கேட்கிற ஆள்தான் நான்.

இந்த விசாரணையை நடத்துகிற மிஸ்டர் ஹார்ப்பருக்கு ஒன்றை முதலில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுங்கோ. எனக்கு ஆங்கிலம் வரும். நன்றாகவே வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம், ஆங்கிலத்தில் பேசினால் இடையில் புகுந்து கேள்வி கேட்பார்கள். தமிழில் பேசினால் நான் முடிக்கும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். நீங்கள் கும்பகோணத்துப் பிள்ளை என்று சொன்னீர்கள். என் யாழ்ப்பாணப் பேச்சு உங்களுக்குப் பிடிபடாமல் போகக்கூடும். ஆகையால் எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதுங்கோ, ராஜி.

பெயர் கிறிஸ்துராஜா. வயது ஐம்பத்திரண்டு. எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தேன். எண்பத்தெட்டில் இருந்து ஸ்ட்ரெதத்தில், கம்பளக் கடைக்கு மேல்மாடியில், பனிச்சறுக்குப் பயணிகள் சங்கத்தின் கந்தோரில் எழுதுவினைஞன், உங்கள் ஊர்ப் பேச்சில் ஆபீஸ் கிளார்க். ஐரோப்பாவில் எந்தெந்தப் பனிச்சறுக்கு ஊர்கள் இயற்கையைக் கெடுக்காமல் நடக்கின்றன என்று பார்த்து, வருஷத்துக்கு ஒரு கையேடு போடுவதுதான் சங்கத்தின் வேலை. ஓர் ஊருக்கு ஐந்து பச்சை இலைவரை கொடுக்கலாம். அந்த இலைகளைப் பயணக் கொம்பனிகள் தங்கள் விளம்பரப் புத்தகத்தில் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிக்கும். மலையை மொட்டையடித்து, அதன் மேல் பலகையில் வழுக்கி விளையாடப் போகிற சனத்துக்கு மனச்சாட்சி உறுத்தாமல் இருக்க வேண்டுமல்லவா. அதற்குத்தான் அந்த இலை.

இலை கொடுப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது, விருந்தினர் ரயிலில் வருகிறார்களா காரில் வருகிறார்களா, பனி பெய்யாத நாளில் இயந்திரத்தால் பனி ஊதுவதற்கு எந்த ஆற்றில் தண்ணீர் எடுக்கிறீர்கள், எத்தனை மரம் வெட்டினீர்கள், எத்தனை நட்டீர்கள், இப்படி. வருகிற பதில்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். தங்கள் விருந்தினர் எல்லோரும் நடந்தே வருவதாக ஓர் ஊர் எழுதியிருந்தது. இன்னோர் ஊர் கழிவுநீர்க் கேள்விக்குப் பதிலாக ஒரு பசுமாட்டின் படத்தை அனுப்பியிருந்தது. மாடு நல்ல கொழுகொழுவென்றுதான் இருந்தது. அந்த ஊருக்கு மூன்று இலை போட்டோம்.

படிவத்தை நான் பார்ப்பேன். ஊரைப் பார்ப்பவர் பரிசோதகர் ஜம்புநாதன். சென்னைக்காரர், எஞ்சினியர், எழுபதுகளிலேயே இங்கே வந்தவர். கம்பளித் தொப்பியும், பிளாஸ்கில் தயிர்ச்சோறுமாக அல்ப்ஸ் மலைக்குப் போய்வருவார். தங்கமான மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை அப்படியே எழுதுங்கோ. திரும்பி வந்து, "கிறிஸ்து சார், அந்த மலையை நீங்க ஒரு தடவை பார்க்கணும்" என்பார். என்னிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா எடுக்கவேண்டும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று என் மனைவி றோஸ்மலர் இன்றைக்கும் சொல்வாள். நான் கேட்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டுக் கடைசியில் ஒஸ்ரியாவில் இருந்து, நீங்கள் ஆஸ்திரியா என்பீர்கள், ஒரு படிவம் வந்தது. ஊரின் பெயர் ஓபர்லூன். மற்ற ஊர்கள் தட்டச்சில் அனுப்பும். இது மைப்பேனையால், ஒவ்வோர் எழுத்தும் கோலப்புள்ளி வைத்ததுபோல எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஊர்ச்சபைச் செயலாளர், திருமதி ஹெட்விக் லாங். கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, "ஆற்றுக்குள். வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். மரம் நட்டீர்களா என்றதற்கு, "இல்லை. எங்கள் பாட்டன்மார் நட்டதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்" என்று. மூன்று வருஷம் பொய்யை வாசித்துக் களைத்த மனிதனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று மிஸ்டர் ஹார்ப்பர் யோசிக்கட்டும். கணக்குப்படி அந்த ஊருக்கு ஓர் இலை கிடைக்கும். உண்மை சொன்னவர்களுக்கு ஓர் இலை, மாட்டுப்படம் அனுப்பியவர்களுக்கு மூன்று. இது நியாயமா.

இந்த இடத்தில் விதி குறுக்கிட்டது என்றுதான் சொல்லவேண்டும். தொண்ணூற்றொன்று மாசியில் லண்டனில் பனி கொட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து வருஷம் அல்ப்ஸில் விழாத ஜம்புநாதன் ஸ்ட்ரெதம் பஸ் தரிப்பில் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் பார்ப்பதற்கு ஆறு ஊர்கள் பாக்கி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஆறு வெற்றுப் பரிசோதனைத் தாள்களில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "நீங்க போன் பண்ணி விசாரிச்சு நிரப்பிடுங்க. உங்களை நம்பாம யாரை நம்பறது" என்றார்.

ஐந்து ஊருக்கு ஒழுங்காகத் தொலைபேசி எடுத்தேன். ஆறாவது ஓபர்லூன். இரண்டு தரம் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. மூன்றாந்தரம் எடுத்திருக்கலாம்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ட்ரெதம் கொமன் பூங்காவுக்குப் போனேன். புல்வெளி முழுக்க வெள்ளை. மேட்டில் மரங்களுக்கு நடுவே நின்றேன். கிளையில் இருந்து பனி பொத்தென்று விழுகிற சத்தம், சப்பாத்துக்குக் கீழே அது நொறுங்குகிற சத்தம், எல்லாவற்றையும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். ஒரு சாம்பல் நிற அணில் என்னைப் பார்த்துவிட்டு ஓடியது. அதையும் குறித்தேன். பின்னேரம் கந்தோரில் இருந்து, ஓபர்லூன் மேல்காட்டில் நான் நடந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். கீழே ஜம்புநாதனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஐந்து இலை.

என் சீவியத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் திறமானது. கையேட்டின் முன்னுரையில் அதில் இருந்து மூன்று வரி எடுத்துப் போட்டார்கள். ஜம்புநாதன் அதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர் கையேடு வாசிப்பதில்லை. ஊரைப் பார்த்தவனுக்குப் புத்தகம் எதற்கு என்பார்.

சித்திரையில் ஒரு பொதி வந்தது, ஜம்புநாதன் பெயருக்கு. உள்ளே தலையணை அளவில் ஒரு சீஸும் ஒரு கடிதமும். அவர் இன்னும் ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தார். நான் பிரித்தேன். திருமதி லாங் எழுதியிருந்தார், தங்கள் காட்டை இவ்வளவு அன்பாக ஒருவரும் எழுதியதில்லை என்று. நீங்கள் வந்ததே எங்களுக்குத் தெரியாது, அதிகாரி என்று சொல்லிக்கொள்ளாமல் தனியே நடந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், எவ்வளவு எளிமை என்று. பிறகு ஒரு வரி. "சாம்பல் அணிலா பார்த்தீர்கள்? இங்கே சிவப்பு அணில் மட்டும்தான். நான் பிறந்ததில் இருந்து சாம்பலில் ஒன்றைக் கண்டதில்லை. நீங்கள் பாக்கியசாலி."

அடுத்த வருஷம் ஓபர்லூன் விளம்பரத்தில், அபூர்வ சாம்பல் அணில் வாழும் காடு என்று போட்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கென்று இங்கிலாந்தில் இருந்து சனம் போனது. ஸ்ட்ரெதத்தில் குப்பைத்தொட்டிக்குள் இருக்கிற அணிலைத் தேடி ஒஸ்ரியாவுக்கு. நான் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

லஞ்சம் வாங்கினாயா என்று மிஸ்டர் ஹார்ப்பர் போன முறை கேட்டார். அந்தச் சீஸ் ஒன்றுதான். றோஸ்மலர் அதைச் சமைக்கிற குசினிக்குள் விடவில்லை. "செத்த எலி மணக்குது, எங்கையப்பா இதைப் பிடிச்சனியள்?" என்று யன்னலுக்கு வெளியே வைத்தாள். இரண்டு நாளில் பறவைகள் முடித்துவிட்டன.

கடிதத்துக்குப் பதில் எழுதுவது மரியாதை. சங்கத்தின் தாளில் எழுதினேன். கையெழுத்து ஜம்புநாதனுடையதாகத்தான் இருக்கவேண்டும், வேறென்ன செய்வது. அவருடைய கையெழுத்தில் முதல் எழுத்தின் வாலைத் தூண்டில்போல வளைத்தால் மற்றது தானாக வரும். நாலு வருஷத்தில் இருபத்தேழு கடிதம். தபால் பிரிப்பவனும் நான், அனுப்புபவனும் நான். மூன்று வருஷத்துக்கு ஒருதரம் வரவேண்டிய மறுபரிசோதனை ஓபர்லூனுக்கு வந்தபோது, பட்டியலைத் தட்டச்சுச் செய்தவனும் நான்தான். ஊர் ஒன்று குறைந்ததை ஜம்புநாதன் கவனிக்கவில்லை. அவருக்கு முழங்கால் நோவு.

திருமதி லாங் ஊர்க்கதை எல்லாம் எழுதுவார். ஐந்து இலை கிடைத்தபிறகு கொம்பனிக்காரர் வந்தார்கள், பஸ் நாற்பது நிற்கிறது, பேக்கரி வைத்திருந்த வீடு ஹொட்டேல் ஆகிவிட்டது, ஆறு இப்போது சவர்க்கார நுரையோடு ஓடுகிறது. ஒவ்வொரு வருஷமும் படிவத்தை அதே கோல எழுத்தில், அதே உண்மையோடு நிரப்புவார். நான் அதே ஐந்து இலையைப் போடுவேன். இலையைக் குறைத்தால் முதலில் கொடுத்தது பிழை என்றாகும். ஒரு சங்கத்துக்கு நிலையான மதிப்பீடு முக்கியம்.

இனி, மிஸ்டர் ஹார்ப்பர் பச்சைக் கோப்பில் வைத்திருக்கிற கடிதத்துக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்று ஐப்பசி.

ஊருக்கு மேலே இருக்கிற காட்டை வெட்டிப் புதிய சறுக்குப்பாதை போடவேண்டும் என்று கொம்பனி கேட்கிறது. ஊர்ச்சபையில் எட்டுப் பேர். நாலு பேர் வெட்டலாம் என்கிறார்கள், நாலு பேர் வேண்டாம் என்கிறார்கள். கடைசியில், லண்டன் பரிசோதகர் சொல்கிறபடி செய்வோம் என்று முடிவாகியிருக்கிறது. இலை குறையும் என்று அவர் சொன்னால் கொம்பனியே பின்வாங்கிவிடும். திருமதி லாங் எழுதுகிறார்: "அந்தக் காடு அழகுக்கு நட்டதல்ல. என் பாட்டனார் சிறுவனாக இருந்தபோது மலையில் இருந்து பனி சரிந்து வந்து ஊரின் பாதியைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் கையால் நட்ட மரங்கள் அவை. நீங்கள் அங்கே நின்றவர். வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்."

நான் அதைக் குசினி மேசையில் வைத்து றோஸ்மலருக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றாள். "வேண்டாம் எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுத ஏலாது. இலையைக் குறைக்கிறதெண்டால் பரிசோதகர் நேரில போய்ப் பார்க்கோணும். அது சங்கத்தின்ர விதி."

"அப்ப அந்த ஐயா போகட்டும்."

"அவர் போனால் சாம்பல் அணிலைப் பற்றிக் கேட்பினம், தான் வந்ததேயில்லை எண்டு சொல்லுவார்" என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு அணிலுக்காகவோ?" என்றாள்.

பெண்கள் ஒரு விஷயத்தின் எல்லாப் பக்கத்தையும் பார்ப்பதில்லை. நீங்கள் குறை நினைக்கக்கூடாது, ராஜி. நான் இரண்டு நாள் யோசித்தேன். லண்டனில் கம்பளக் கடைக்கு மேலே இருக்கிற ஒருவன், மலையில் வாழ்கிற சனத்துக்கு இதைச் செய், அதைச் செய்யாதே என்று கட்டளை போடுவது சரியா. எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் அப்படிச் செய்துதானே இவ்வளவும் வந்தது. அந்த ஊரின் சுதந்திரத்தை நான் மதித்தேன். படிவத்தின் கணக்கும் என் பக்கம் இருந்தது. வெட்டப் போவது ஆயிரத்து நூறு மரம். பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி இரண்டாயிரத்து இருநூறு கன்று நட்டால், நட்டது வெட்டியதைப்போல இரண்டு மடங்கு. படிவத்தில் மரம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி இல்லை. அந்தப் படிவத்தை வகுத்தவன் நான் அல்ல.

அப்படியே எழுதினேன். நான் அந்தக் காட்டில் நின்றவன் என்ற உரிமையோடு சொல்கிறேன், மலை தாங்கும், இலை ஐந்தும் இருக்கும் என்று. தூண்டிலை வளைத்தேன்.

அவரிடமிருந்து ஒரு வரிதான் வந்தது. "நன்றி. நீங்கள் நின்று பார்த்தவர், உங்களுக்குத் தெரியும்."

அவருக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதே விளங்கியதா என்று கேட்டால், ஓம், விளங்கியது. அதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை.

காட்டை அடுத்த கோடையில் வெட்டினார்கள். இந்த வருஷம் மாசி ஒன்பதாந் தேதி, காலை பத்தரைக்கு, பனி வந்தது. புதுப்பாதை வழியாகத்தான் வந்ததாம். தடுக்க ஒன்றும் இல்லாததால் நேராக வந்திருக்கிறது. பன்னிரண்டு வீடு, ஹொட்டேலின் ஒரு பக்கம், ஊர்ச்சபைக் கட்டடம். ஏழு உயிர். வேலை நாள் ஆனபடியால் திருமதி லாங் அங்கே கந்தோரில் இருந்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்தது பயணக் கொம்பனியில் இருந்து. ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில், அடுத்த கையேட்டில் ஓபர்லூன் வருமா வராதா, அச்சுக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கு நான் வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

ஒஸ்ரிய அரசாங்கம் விசாரணை தொடங்கி, சபையின் கோப்பைப் பனிக்குள் இருந்து கிண்டி எடுத்து, லண்டனுக்கு எழுதியது. ஜம்புநாதன் என் மேசைக்கு வந்தார். கையில் நான் எழுதிய கடிதத்தின் பிரதி.

"கிறிஸ்து சார், நான் இந்த ஊருக்குப் போனதே இல்லையே. இது என் கையெழுத்து மாதிரி இருக்கே?" என்றார். குரலில் கோபம் இல்லை. தனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்ற பயம் இருந்தது.

"நீங்கள் எத்தனை ஊருக்குப் போயிருப்பீர்கள், சேர். எல்லாம் ஞாபகம் இருக்குமோ" என்றேன்.

"நான் காடு வெட்டச் சொல்ற ஆளா?"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

அவர் பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கிழமையே அவரை வேலையில் இருந்து நிறுத்திவைத்தார்கள். அவருடைய மனைவி கிரிஜா அவரை நரம்பு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாவாம், போகாத ஊருக்குப் போனாரா, போன ஊரை மறந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்க. ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஏன் நானாக வந்து சொன்னேன் என்பதுதான் மிஸ்டர் ஹார்ப்பருக்குப் புரியவில்லை. சொல்கிறேன். அவருடைய முதல் அறிக்கையைத் தட்டச்சுச் செய்ய என்னிடம்தான் தந்தார்கள். அதில் பதினோராம் பக்கத்தில், "திரு ஜம்புநாதனின் கடிதங்கள் நுட்பமான ரசனையோடும் அழகான ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுள்ளன" என்று இருந்தது. ஜம்புநாதனின் ஆங்கிலம், ராஜி, நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு வசனத்தில் மூன்று இடத்தில் சறுக்குவார். அந்த வரியை என் கையால் தட்டச்சுச் செய்துகொண்டு இருக்க என்னால் ஏலாமல் போயிற்று. ஒரு மனிதனுக்குப் பொறுமைக்கும் அளவு உண்டு.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கோ. ஓபர்லூனுக்கு ஐந்து இலை கொடுத்தது நான். அங்கே போகாமலே போனதாக எழுதியது நான். காட்டை வெட்டலாம் என்று, வெட்டினால் என்ன நடக்கும் என்று அவர் எழுதியதை வாசித்த பிறகு, பதில் போட்டது நான். ஜம்புநாதன் நிரபராதி. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று மிஸ்டர் ஹார்ப்பர் கேட்டால், ஓம் என்று சொல்லுங்கோ. எல்லாம் நான் அந்த ஊரின் மேல் வைத்த அன்பினால் நடந்தது.

சொல்ல மறந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு ஒளித்தேன் என்பார்கள். திருமதி லாங்கின் இடத்துக்கு ஒரு புதிய செயலாளர் வந்திருக்கிறார். இளம் பெடியன்தான், ஆனால் நல்ல பண்பு. போன திங்கட்கிழமை அவருடைய கடிதம் வந்தது. உடைந்த ஹொட்டேலை மீண்டும் கட்டுவதற்குக் கிழக்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிற மரங்களையும் எடுக்கவேண்டி வருமாம், பழைய பரிசோதகர் ஐயாவின் அபிப்பிராயம் என்ன என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார். இந்த விசாரணை முடியும்வரை காத்திரு என்று எப்படி எழுதுவது. வியாழக்கிழமை, தூண்டிலை வளைத்து, பதில் போட்டுவிட்டேன். பயப்படவேண்டாம், அவர் மனம் நோகும்படி ஒன்றும் எழுதவில்லை.